கப் மேட்ச் என்றால் உங்கள் சீட் உங்களுடையது அல்ல

டிசம்பர் தொடக்கத்தில், இங்கிலாந்துக் கால்பந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கப்பின் மூன்றாம் சுற்றுக்குப் பந்துகளைக் குலுக்கி எடுக்கும் இரவில், எங்கள் கிளப்பின் எண் முதலில் வந்துவிட்டால் எனக்கு ஒரு வாரத் தூக்கம் போச்சு. ஜோடியில் முதலில் வரும் பந்துக்குத்தான் சொந்த மைதானம். இங்கிலாந்தில் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ஆடும் ஒரு கிளப்பின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நான்கு சீசன் பகுதி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். குலுக்கல் முடிந்த பத்தாவது நிமிடம், எங்கள் ஊரில் இருக்கும் தமிழ் அண்ணன் ஒருவரிடமிருந்து வாட்ஸப் வந்துவிடும்: "தங்கச்சி, பெரிய டீம் வருதாமே! எங்கிட்டதான் சீசன் டிக்கெட் இருக்கே, நேரா வந்து உக்காந்துடலாம்ல?"

முடியாது அண்ணா.

சீசன் டிக்கெட் பெரும்பாலும் லீக் ஆட்டங்களுக்கு மட்டும். லீக் ஒன்னில் 24 கிளப், ஆகவே சொந்த மைதானத்தில் 23 ஆட்டம். அந்த 23க்குத்தான் நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள். கப் ஆட்டம் கணக்கில் வராது. சில கிளப்புகளில் கப் ஆட்டம் வந்தால் உங்கள் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்திருக்கிறோமா என்பது பலருக்கு நினைவே இருக்காது. முதல் வேலையாக அதைப் பாருங்கள். சேராதவர்களுக்கு கிளப் ஒரு சலுகை தரும்: இன்ன தேதி, இன்ன நேரம் வரை உங்கள் சீட்டை எடுத்துவைத்திருப்போம், அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வார நாளில் மாலை ஐந்து மணி. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அந்த சீட் சந்தைக்கு வந்துவிடும். பதினைந்து வருடமாக அதே சீட்டில் உட்கார்ந்தவர் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நானே அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவள்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கிடைத்தது ஒரு தூணுக்குப் பின்னால் இரண்டு சீட். மகன் இடப்பக்கம் சாய்ந்தால் நான் வலப்பக்கம் சாய வேண்டும். எங்கள் டீம் போட்ட ஒரே கோலில் நான் பார்த்தது, அடித்து முடித்தவன் மூலைக்கொடியை நோக்கி ஓடியதை மட்டும்தான்.

குலுக்கல் முடிந்த மறுநாளே ஏன் விற்பனை தொடங்குவதில்லை என்று ஜன்னலில் தினமும் கேட்பார்கள். முதலில் தேதியே உறுதியாகாது. தொலைக்காட்சிக்காரர்கள் எந்த ஆட்டத்தை எடுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் வெள்ளியா, ஞாயிறா, திங்கள் இரவா என்று தெரியும். அடுத்தது விலை. லீக் ஆட்டத்துக்கு நாங்களே விலை வைப்போம். கப்பில் வாசல் வசூல் இரண்டு கிளப்புக்கும் பங்கு, அதனால் விலையையும் இரண்டு பேரும் பேசித்தான் முடிக்க வேண்டும். எங்களுக்கு மைதானம் நிரம்பினால் போதும், அவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும். இதற்கிடையில் உள்ளூர் கவுன்சில், போலீஸ், கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். மைதானத்தில் எத்தனை பேரை விடலாம் என்பது கிளப்பின் விருப்பம் அல்ல. 1975ஆம் ஆண்டின் சட்டப்படி உள்ளாட்சி தரும் பாதுகாப்புச் சான்றிதழில் அந்த எண் இருக்கிறது.

இனி, அதிகம் பேரைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லீக்கில் வருகிற அணியின் ரசிகர்களுக்கு 2,000 டிக்கெட் தர வேண்டும், சின்ன மைதானமானால் கொள்ளளவில் 10 சதவீதம். எஃப்.ஏ. கப்பில் அவர்கள் 15 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். மைதானம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 1,000 பேர் வரும் பக்கத்துக்கு இப்போது 1,500 பேர். கூடுதல் 500 பேரை ஆங்காங்கே தூவ முடியாது. எல்லோரும் ஒரே பக்கம், ஒரே வாசல் வழியாக வர வேண்டும். அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் சில வரிசைகளை வலை போட்டு மூடிக் காலியாக விட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்தக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டை மொத்தமாகவே அவர்களுக்குக் கொடுப்பது சுலபம் என்று ஆகிவிடும். அங்கே சீசன் டிக்கெட் வைத்திருக்கும் நம் ஆட்கள் அன்றைக்கு மட்டும் அகதிகள்.

"அந்த வலையைச் சுருட்டினால் இருநூறு பேர் உட்காரலாமே, பேராசை பிடித்த கிளப்புக்கு இது கூடவா தெரியாது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டை போட்டார். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், அதுவும் ஒரு கப் அரையிறுதிதான். நெரிசலில் 97 உயிர் போனது. அதன் பிறகு வந்த டெய்லர் அறிக்கைதான் மேல் டிவிஷன்களை முழுக்க சீட்டுகளாக மாற்றியது. அந்த வலையைச் சுருட்டுவது எங்கள் கையில் இல்லை.

சின்ன டீம் வந்தால் நிலைமை தலைகீழ். கூட்டம் குறையும் என்று தெரிந்தால் ஸ்டூவர்ட் (கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் மைதான ஊழியர்) கூலி மிச்சம் என்று ஒரு ஸ்டாண்டையே பூட்டிவிடுவார்கள். அப்போதும் உங்கள் சீட் போச்சு. சில வேளை "எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளில் சீக்கிரம் வருபவன் ராஜா, சீட் எண்ணைக் காட்டி யாரையும் எழுப்ப முடியாது.

ஆகவே விற்பனை அறிவிப்பு வந்ததும் விலையைப் பார்க்காதீர்கள். எந்த ஸ்டாண்ட் திறப்பு, எது அவர்களுக்கு, எது பூட்டு, இடம்பெயர்ந்தவர்களுக்கு எப்போது விற்பனை, இதைத்தான் முதலில் தேட வேண்டும். இடம்பெயர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு நாள் முன்கூட்டியே தருவார்கள். அந்த நாளில் இணையத்தில் மல்லுக்கட்டுவதை விட தொலைபேசியில் கூப்பிடுவது நல்லது. "மெயின் ஸ்டாண்ட், நடுக்கோட்டுக்குப் பக்கம், பின் வரிசை, மூன்று சீட் சேர்ந்தாற்போல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "நல்ல சீட்டா குடுங்க" என்றால் எனக்கு எது நல்லது என்று படுகிறதோ அதுதான் கிடைக்கும்.

இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் முந்தின நாளே வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா? குடும்பத்தில் எல்லோருடைய வாடிக்கையாளர் எண்ணையும் உங்கள் கணக்கோடு இணைத்தாயிற்றா? பிள்ளையின் பிறந்த தேதி சரியா? தேதி தவறாக இருந்தால் பத்து வயதுப் பையனுக்குப் பெரியவர் விலை காட்டும், கூடையில் ஓடும் கடிகாரம் உங்கள் புலம்பலுக்குக் காத்திருக்காது. இன்னொன்று: ஒரு சீட்டை மட்டும் தனியாக விட்டு நடுவில் எடுத்தால் பல தளங்கள் விடாது. வரிசையின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

எந்த சீட்? இதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

பழைய மைதானங்களின் கூரையைத் தூண்கள்தான் தாங்குகின்றன. லண்டனில் ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜில் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த 1905ஆம் ஆண்டு ஸ்டாண்ட் இன்றும் இருக்கிறது. அதன் மரச் சீட்டையும் தூணையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தூண் இருக்கும் வரிசைக்கு முன்னால் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பின்னால்தான் கிடைக்கிறது என்றால் நன்றாகப் பின்னால் போங்கள். தூண் மூக்குக்கு நேரே இருந்தால் பெனால்டி பாக்ஸையே விழுங்கிவிடும், பத்து வரிசை தள்ளி இருந்தால் ஒரு ஆட்டக்காரரை மறைக்கும், அவ்வளவுதான். டிக்கெட்டில் பார்வை மறைப்பு என்று அச்சிட்டிருந்தால் அது பொய் இல்லை, விலை குறைவுக்குக் காரணம் அதுதான்.

முதல் நான்கைந்து வரிசைகள் படத்தில் பார்க்க அழகு. கூரை அதுவரை நீளாது. மூன்றாம் சுற்று ஜனவரியில் நடக்கிறது, மழை சாய்ந்து அடிக்கும். அதோடு கண்மட்டத்தில் உட்கார்ந்தால் மைதானத்தின் மறுமுனை நடப்பது தெரியாது. பிள்ளைகளுக்கு ஆட்டக்காரர்களைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை இருக்கும், அது வேறு விஷயம். அப்போது ரெயின் கோட் எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருடைய சாபம் பொல்லாதது.

வெயிலையும் கணக்கில் வையுங்கள், சிரிக்காதீர்கள். ஜனவரியில் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை, நான்கு மணி சுமாருக்கு மறைந்துவிடும். மூன்று மணி ஆட்டம் என்றால் கிழக்கு ஸ்டாண்டில் மேற்கே பார்த்து உட்கார்ந்தவர்கள் முதல் பாதி முழுக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டிருப்பார்கள். மதியம் பன்னிரண்டரை ஆட்டத்தில் அந்தக் கஷ்டம் வடக்குப் பக்கத்துக்கு.

கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நம் பாட்டுக்காரர்கள் இருக்கும் பக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே தொண்ணூறு நிமிடமும் நிற்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு போனால் முன்னால் இருப்பவருடைய முதுகுதான் ஆட்டம். குடும்ப ஸ்டாண்ட் இருக்கிறது, கூச்சப்படாமல் அங்கே போங்கள். சக்கர நாற்காலி இடங்கள் எந்த மைதானத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆகவே அந்தத் தேவை இருந்தால் விற்பனை நாளுக்குக் காத்திருக்காமல் கிளப்பின் அதற்கான அலுவலரைக் கூப்பிடுங்கள்.

ஆட்டம் இரவில் என்றால் நடைபாதைக்கு ஒட்டிய சீட் எடுங்கள். 2024–25 சீசனிலிருந்து எஃப்.ஏ. கப்பின் முக்கியச் சுற்றுகளில் மறு ஆட்டம் கிடையாது. சமன் ஆனால் அன்றைக்கே கூடுதல் அரைமணி, பிறகு பெனால்டி. 7.45க்குத் தொடங்கினால் பத்தரைக்குத்தான் எழுந்திருப்பீர்கள். கடைசி ரயில் எப்போது என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள். பெனால்டி தொடங்கும்போது எழுந்து ஓடிய ஒரு குடும்பத்தின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம்மவர்கள் வீடுகளில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் உண்டு. அப்பா உள்ளூர் கிளப், பிள்ளை பள்ளி நண்பர்களைப் பார்த்து ஏதோ ஒரு பிரீமியர் லீக் டீம். அந்த டீமே கப்புக்கு வந்து இறங்கும்போது பையன் அந்தச் சட்டையோடு நம் பக்கம் உட்கார ஆசைப்படுவான். விடமாட்டார்கள். ஸ்டூவர்ட் வந்து வெளியே அனுப்பினால் டிக்கெட் காசு திரும்பாது, உங்கள் வாடிக்கையாளர் எண்ணிலும் குறிப்பு விழும். சட்டையைக் கழற்றினாலும் கோலுக்குக் கை தட்டினால் அதே கதை. பெரிய டீம் வரும்போது, இதற்கு முன் டிக்கெட் வாங்காத எண்களுக்கு நம் பக்கம் விற்கவே மாட்டோம். காரணம் இதுதான். "மச்சானுக்கு ரெண்டு எடுத்துத் தா" என்று கேட்காதீர்கள், மச்சான் செய்யும் வம்புக்கு டிக்கெட் வாங்கியவர்தான் பொறுப்பு.

போக முடியாமல் போனால் வாட்ஸப் குழுவில் விற்காதீர்கள். கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பது 1994ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். லாபம் வைக்காமல் வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் குற்றம்தான். கிளப் வழியாகத் திருப்பவோ மாற்றவோ வழி இருக்கும், அதைக் கேளுங்கள்.

அன்றைக்கே போய் வாசலில் வாங்கலாமா என்றால், பெரிய ஆட்டங்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். 1923இல் வெம்ப்ளியில் நடந்த முதல் கப் இறுதியில் வாசலில் காசு கட்டி உள்ளே போகலாம் என்று விட்டார்கள். கணக்கில் வந்த கூட்டமே 1,26,047, சுவர் ஏறி வந்தவர்கள் தனி. ஆட்டக்களமே மனிதத் தலைகளாகி, குதிரைப் போலீஸ் வந்து ஒதுக்கிய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. அடுத்த வருடத்திலிருந்து முன்பதிவுதான்.

இதைப் பலரும் கவனிப்பதில்லை: நான்கு பேருக்கு ஒருவரே தன் எண்ணில் எடுக்காதீர்கள், ஆளுக்கு ஆள் அவரவர் எண்ணில் எடுங்கள். ஜெயித்து நான்காம் சுற்றுக்கு வெளியூர் போக நேர்ந்தால், முன்னுரிமை யாருக்கு என்பதை அவரவர் எண்ணில் டிக்கெட் வாங்கிய வரலாற்றை வைத்துத்தான் பார்ப்போம். போன தடவை ஒரே எண்ணில் ஐந்து டிக்கெட் வாங்கிய குடும்பத்தில் அப்பா மட்டும் தகுதி பெற்றார். மற்ற நால்வரும் ஜன்னலுக்கு முன்னால் நின்று என்னை முறைத்தார்கள்.

அண்ணன் இந்த முறை கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். அவருடைய ஸ்டாண்ட் எதிரணிக்குப் போய்விட்டதால் மெயின் ஸ்டாண்டில் தூணுக்கு முந்தின வரிசை, ஓரத்தில் இரண்டு சீட் எடுத்துக் கொடுத்தேன். பையன் சாம்பல் நிறக் கோட்டு போட்டு வருவான், வாயைத் திறக்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.