ஃபேட் ஏற மாட்டுக்கு எண்ணெய் ஊற்றலாமா?

பால் சொசைட்டியில் பாலின் ஃபேட் (கொழுப்பு அளவு) குறைகிறது என்றதும் சிலர் தவிட்டில் சமையல் எண்ணெயைக் கலந்து வைக்கிறார்கள். பலன் பெரும்பாலும் தலைகீழ்தான்.

மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் நார்த்தீவனத்தைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. மடியில் பால் கொழுப்பு உருவாக அதுவே முக்கிய மூலப்பொருள். எண்ணெய் அதிகமானால் இந்த நுண்ணுயிரிகள் முடங்கும். வைக்கோல் சரியாகச் செரிக்காது, சாணி இளகும், ஃபேட் இன்னும் இறங்கும். திரவ எண்ணெயிலிருந்து வயிற்றில் உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியில் கொழுப்பு உற்பத்தியையே தடுத்துவிடும்.

உலர்பொருள் கணக்கில், அதாவது தீவனம் முழுவதிலும் ஈரம் நீக்கிய எடையில், மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பருத்திக்கொட்டை நல்லதுதான், அதில் எண்ணெய் மெதுவாக வெளியாகும், நாரும் உண்டு. கன்று ஈன்று அதிகம் கறக்கும் மாடு இளைத்தால் பைபாஸ் கொழுப்பு கொடுக்கலாம். கால்சியத்தோடு பிணைந்த இது முதல் வயிற்றைக் கெடுக்காமல் கடந்து குடலில் செரிக்கும். நாளுக்கு 100 முதல் 200 கிராம் போதும். வாசனை பிடிக்காமல் மாடு முகம் திருப்பும். 50 கிராமில் தொடங்கி அடர்தீவனத்தில் கலந்து பழக்குங்கள்.

இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இதெல்லாம் காசுக்குக் கேடு. அதற்குச் சோளத்தட்டையைக் கூட்டிப் போடுங்கள்.