காவடித் தாளில் வந்த 9: வேர்டில் எண்ணை மறுபடி 1-இல் தொடங்கும்போது செய்யும் தவறுகள்

தைப்பூசத்துக்கு முன்னால் மொரீஷியஸில் எங்கள் கோயிலில் காவடி எடுப்பவர்களுக்கு ஒரு தாள் கொடுப்போம். முன்பக்கம் பத்து நாள் விரதத்துக்கான விதிகள், பின்பக்கம் ஊர்வலத்துக்கான விதிகள். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் தட்டச்சு வேலை என் தலையில்தான் விழும்.

ஒரு வருடம் கடைசி நேரத்தில் சங்கத் தலைவர் வந்து, "டீச்சர், இந்த விதி விரதத்துக்கு வேண்டாம். ஊர்வலப் பக்கத்துல முதலாவதா போட்டுடுங்க" என்றார். வெட்டி ஒட்டினேன். ஊர்வலப் பக்கத்தின் முதல் வரியில் 9 என்று எண் வந்தது, அதன் கீழே 1, 2, 3. அவசரத்தில் அந்த 1-ஐ வலது கிளிக் செய்து முந்தைய எண்ணைத் தொடரச் சொல்லும் 'கன்டினியூ நம்பரிங்' அழுத்தினேன். 9 முதல் 14 வரை எல்லாம் ஒழுங்காக நின்றன, பார்க்க அழகாகவும் இருந்தது. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

தாளின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: "பாற்சொம்பு எடுப்போர் ஊர்வல விதி 3-ஐக் கவனிக்கவும்." ஊர்வலத்துக்கு 3 என்ற எண்ணே இல்லை. மறுநாள் ஒரு பெரியம்மா பாதி இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் பாதித் தமிழுமாகக் கேட்டார்: "மூணாவது விதி சாப்பாட்டைப் பத்தி இல்ல இருக்கு? சொம்புக்கும் அதுக்கும் என்ன?"

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று மொரீஷியஸ் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998-இல் எங்கள் நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தியை வைத்ததற்கு எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். என் தாளுக்கு அவ்வளவு நடக்கவில்லை. எண்பது பிரதி வீணானதோடு போயிற்று.

அதன் பிறகுதான் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். பத்தியின் முன்னால் தெரியும் 3 நாம் தட்டிய எழுத்து இல்லை. ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒரு பட்டியலைச் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் அதற்கு முன் எத்தனை பேர் என்று எண்ணி வேர்ட் அங்கே காட்டுகிறது. நாம் 'ரீஸ்டார்ட் அட் 1' அழுத்தினால், அந்தப் பத்தியும் அதைத் தொடர்பவையும் பிரிந்து புதுப் பட்டியலாகின்றன. நான் ஒட்டிய விதி ஊர்வலப் பக்கத்துக்கு வந்தாலும் பழைய பட்டியலைவிட்டு வரவில்லை. அதனால்தான் 9. கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்தும் ரேஷன் கார்டு பிறந்த வீட்டிலேயே இருப்பது மாதிரி என்று தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி சொன்னாள். இங்கே ரேஷன் கார்டு கிடையாது, ஆனாலும் புரிந்தது.

சரி, அன்று என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து விதியில் கர்சரை வைத்து, 'ஃபார்மட் பெயின்டர்' தூரிகையை எடுத்து, வழிதவறி வந்த பத்தியின் மேல் பூசியிருக்க வேண்டும். எழுத்தின் தோற்றத்தோடு பட்டியல் உறவும் சேர்ந்து வந்துவிடும். இல்லாவிட்டால் ஒட்டும்போதே எழுத்தை மட்டும் ஒட்டும் வழியைத் தேர்ந்திருக்கலாம்.

ஒட்டுவதில் வரும் தவறு இது. இதைவிடப் பெரியது, ஒவ்வொரு பிரிவிலும் கையால் 'ரீஸ்டார்ட்' அழுத்திக்கொண்டே போவது. இரண்டு பிரிவு என்றால் பரவாயில்லை. வினாத்தாளில் பகுதி அ, ஆ, இ, ஈ என்று போகும். ஒவ்வொன்றிலும் கேள்விகள் 1-இலிருந்து. நான்கு இடத்தில் கையால் பிரித்தால் நான்கு தனிப் பட்டியல்கள். தலைமையாசிரியர் "பகுதி ஆ-வை முன்னால் கொண்டுவாருங்கள், இரண்டு கேள்வியை மாற்றுங்கள்" என்றால் முடிந்தது கதை, முழுவதையும் மறுபடி அழுத்தித் திருத்த வேண்டும்.

மறுதொடக்கத்தைத் தலைப்பின் பொறுப்பில் விட்டுவிடுவதே நல்லது. தலைப்பு மேல் அடுக்கு, கேள்வி கீழ் அடுக்கு என்று வைக்கும் பல அடுக்குப் பட்டியலில் மேல் அடுக்கு வந்ததும் கீழ் அடுக்கு தானாக 1-க்குத் திரும்பும். தமிழ் வினாத்தாளில் ஒரு சிக்கல்: வேர்டின் எண் வகைகளில் இந்தி உயிரெழுத்துக்கு இடம் உண்டு, தமிழின் அ, ஆ, இ கிடையாது. அதனால் 'பகுதி அ' என்று கையால்தான் தட்ட வேண்டும். பலர் அதைச் சாதாரணப் பத்தியாகத் தட்டிவிட்டு, கீழே எண் ஏன் திரும்பவில்லை என்று திகைக்கிறார்கள். வேர்டுக்கு அது தலைப்பு என்றே தெரியாதே!

நான் செய்வது இது. 'ஹோம்' பட்டையில் பல அடுக்குப் பட்டியலின் படத்தை அழுத்தி, 'டிஃபைன் நியூ மல்ட்டிலெவல் லிஸ்ட்' திறந்து, 'மோர்' பொத்தானையும் அழுத்திவிடுவேன். முதல் அடுக்கை 'ஹெடிங் 1' பாணியோடு இணைப்பேன். எண் வடிவம் எழுதும் பெட்டியில் உள்ளதை முழுவதும் அழிப்பேன். எண்ணுக்குப் பின் வருவது 'நத்திங்'. இப்போது முதல் அடுக்கில் எண் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேர்ட் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டாம் அடுக்கை 'லிஸ்ட் நம்பர்' பாணியோடு இணைத்து, முதல் அடுக்கைத் தொடர்ந்து மறுபடி தொடங்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும். அப்புறம் 'பகுதி அ' என்று தட்டி 'ஹெடிங் 1' கொடுத்தால் போதும், கீழே கேள்விகள் 1-இல் தொடங்கும். பகுதிகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் எண் கூடவே வரும்.

அந்த எண் வடிவப் பெட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே சாம்பல் நிழலோடு தெரியும் 1 உயிருள்ள எண். அதைத் தெரியாமல் அழித்துவிட்டு விசைப்பலகையில் 1 தட்டினால், கேள்விகள் எல்லாம் 1, 1, 1 என்றே வரும். என் சக ஆசிரியை ஒருவர் ஒரு மதியம் முழுக்க இதோடு மல்லுக்கட்டினார். பக்கத்தில் உள்ள எண் வகைப் பட்டியலில் மறுபடி ஒன்றைத் தேர்ந்தால் நிழல் எண் திரும்பி வந்துவிடும்.

வெறுத்துப்போய் எண்ணையே கையால் தட்டுபவர்களும் உண்டு. அரைப்பக்கக் கடிதத்துக்கு அது தப்பில்லை என்பது என் கட்சி. ஆனால் வேர்ட் சும்மா இராது, '1.' தட்டி இடைவெளி விட்டதும் அதைத் தானியங்கி எண்ணாக்கிவிடும். உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் உங்கள் 1 உங்களிடமே நிற்கும். ஒரே தாளில் பாதி கையெண், பாதி தானியங்கி எண் என்று கலப்பதுதான் கூடாது.

இரண்டு கேள்விகளுக்கு நடுவே எண்ணில்லாத விளக்க வரி வேண்டுமா? என்டரை இரண்டு முறை தட்டிப் பட்டியலைவிட்டு வெளியேறி, பிறகு புதிதாக எண் பொத்தானை அழுத்தாதீர்கள். அடுத்த எண் தொடருமா, 1 ஆகுமா என்பது அப்போது வேர்டின் ஊகத்தைப் பொறுத்தது. ஷிஃப்ட்டோடு என்டர் தட்டினால் அதே பத்திக்குள் அடுத்த வரி கிடைக்கும், வரிசையும் குலையாது.

வீட்டில் லிப்ரெஆஃபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே மறுதொடக்கம் அந்த ஒரு பத்தியின் குணம். அந்தப் பத்தியை வேறிடத்துக்கு நகர்த்தினால் மறுதொடக்கமும் அதோடு போய்விடும். விட்டுச்சென்ற இடத்தில் எண் பழைய வரிசையைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

இனி அந்தச் சொம்புக் குறிப்பு. "விதி 3-ஐப் பார்க்கவும்" என்பதில் உள்ள 3-ஐ நான் கையால் தட்டியிருந்தேன். 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வழியாக, எண்ணிட்ட பத்திகளிலிருந்து அந்த விதியைத் தேர்ந்து செருகியிருந்தால், வரிசை மாறும்போது அதையும் மாற்றியிருக்கலாம். அதுவும் தானாக உடனே மாறாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோலும் ஏ-யும், பிறகு அவற்றைப் புதுப்பிக்க எஃப்9. அச்சுக்கு முன் இந்த இரண்டையும் அழுத்துவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன தைப்பூசத்துக்கும் தலைவர் கடைசி நாளில்தான் வந்தார். இந்த முறை மூன்று விதிகளை இடம் மாற்றச் சொன்னார். மாற்றி, எஃப்9 அழுத்தி, தாளைக் கையில் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஊர்வலம் 1-இல் தொடங்கியிருந்தது, சொம்புக்கான விதி 5. அடியில் இருந்த குறிப்பிலும் 5.