அஞ்சு ஸ்பீக்கரும் பாடினால் 5.1 ஆகிவிடாது: கம்ப்யூட்டரை ரிசீவரில் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். முதல் படத்தில் அவர் வாங்கிய செகண்ட் ஹேண்ட் ரிசீவரின் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப் பெட்டி) பின்பக்கம். கம்ப்யூட்டரின் ஒலியை டிஜிட்டலாகக் கொண்டுவரும் ஆப்டிக்கல் கேபிள் பாந்தமாக மாட்டியிருந்தது. இரண்டாவதில் முன்பக்கம். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணா, சூப்பரா செட் ஆயிருச்சுண்ணா. அஞ்சு ஸ்பீக்கரும் பாடுது. கேம்லயும் 5.1 தான்."

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு ஊஃபருக்கும் தனித்தனிச் சத்தம், ஆக ஆறு சேனல். இரண்டாவது படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஸ்பிளேயின் மூலையில் பொடி எழுத்தில் 'பிசிஎம்'. அதற்குக் கீழே 'புரோ லாஜிக்'. கேபிளில் வருவது இரண்டு சேனல்தான், மீதியை ரிசீவர் ஊகிக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இரண்டு சொல்லை இரண்டு வருஷம் தினமும் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுல 5.1" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

தருமபுரி நாலு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது இந்தச் சமாச்சாரத்தோடு வந்துவிடுகிறார். ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பு, கறுப்பை மாற்றி மாட்டுவது, வால்யூமைக் குறைக்காமல் ஆன் பண்ணுவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அதெல்லாம் பெட்டியோடு வரும் காகிதத்திலேயே இருக்கிறது.

டிஜிட்டல் என்றாலே உசத்தி என்று நம்புவது

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 11,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரிசீவர் வாங்கினேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் எச்டிஎம்ஐ கிடையாது, ஆப்டிக்கல் இருந்தது. பஸ்ஸில் கீழே வைக்க மனசு வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கித் தருமபுரி பஸ் ஏறுவதற்குள் இரண்டு தொடையும் மரத்துப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மதர்போர்டின் ஆப்டிக்கல் துளையிலிருந்து கேபிள் இழுத்து, ஒரு டிவிடி போட்டேன். ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து வந்து முன்னால் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னை ஏமாற்றியது அந்த டிவிடிதான். டிவிடியில் ஆறு சேனலும் டால்பி டிஜிட்டல் என்ற முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும். அதிகம் போனால் நொடிக்கு 448 கிலோபிட். கம்ப்யூட்டர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கேபிளில் தள்ளிவிடும், ரிசீவர் பிரித்துக்கொள்ளும். கேம் அப்படியில்லை. எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று கேமை எழுதியவனுக்கே தெரியாது. அதனால் சத்தம் அந்தந்த நொடியில் கம்ப்யூட்டருக்குள் உருவாகி, சுருக்காத பிசிஎம் ஆக வெளியே வரும். ஆப்டிக்கலில் பிசிஎம்முக்கு இரண்டே சீட்டு: இடது ஒன்று, வலது ஒன்று. கேம் அதைப் பார்த்துவிட்டு, இருக்கிற சத்தம் முழுவதையும் இரண்டு சேனலுக்குள் கலந்து அனுப்பிவிடும்.

வந்த இரண்டை வைத்துக்கொண்டு ரிசீவர் புரோ லாஜிக் மாதிரி ஒரு முறையில் ஊகம் செய்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போடும். பாட்டுக்கு அது நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'பின்னால், இடதுபக்கம்' என்ற சேதி கேபிளிலேயே வராதபோது ரிசீவர் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

இது எனக்கு இரண்டு வருஷம் உறைக்கவில்லை. முழுப்பரீட்சை லீவுக்கு வந்த அக்கா பையன்தான் உடைத்தான். துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தவன் நாலாவது தடவை செத்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"மாமா, பின்னாடி வர்றவன் நடக்கிற சத்தம் முன்னாடி கேக்குது."

"அஞ்சு ஸ்பீக்கர்லயும் வருதேடா."

"வருது மாமா. எல்லாத்துலயும் ஒரே மாதிரி வருது."

பின் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். அதிலும் அதே காலடி, கொஞ்சம் சன்னமாக. அப்போதே ரிசீவரைத் திருப்பிப் பின்பக்கத்தை நிதானமாகப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் பார்க்கவில்லை. கேமின் ஒலியை அந்தந்த நொடியிலேயே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி ஆப்டிக்கலில் அனுப்பும் சவுண்ட் கார்டு உண்டு என்று கேள்விப்பட்டு, 4,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். டால்பி டிஜிட்டல் லைவ் என்று அதற்குப் பெயர். 5.1 வந்தது. ஆனால் சுருக்கி, அனுப்பி, பிரிப்பதில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சுட்ட பிறகு சத்தம் வந்தது. பையன் பத்து நிமிஷம் ஆடிவிட்டு, "பழசே தேவல மாமா" என்றான்.

வெறுத்துப்போய் ரிசீவரைப் பாலக்கோட்டு டிவி மெக்கானிக் ஒருவருக்கு 5,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, 28,000 போட்டு எச்டிஎம்ஐ உள்ளதாக வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். அவர் மகன் அதே ரிசீவரில் அதே மாதிரி ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தான். கதவுச் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். எப்படி என்று கேட்டதற்கு மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் வரிசையாக ஆறு ஆர்சிஏ துளைகள் (பழைய டேப் டெக்கில் இருக்கும் வட்டத் துளைகள்), மேலே 'மல்டி சேனல் இன்புட்' என்று எழுத்து. மதர்போர்டின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சுத் துளைகளிலிருந்து மூன்று சாதாரண கேபிள். ஒன்று 70 ரூபாய்.

அந்த ஆறு துளையும் என் வீட்டில் இருந்தபோதும் இருந்தன. தூசி துடைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆர்சிஏ என்றால் பழைய டெக் காலத்துச் சமாச்சாரம், ஆப்டிக்கல் என்றால் டிஜிட்டல், டிஜிட்டல்தான் உசத்தி என்று ஒரு நினைப்பு. 210 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது.

ஆகவே ஆர்சிஏ துளைகள் உள்ளவர்கள் அவசரப்பட்டு எதையும் விற்க வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் மெக்கானிக்குகள் போர்டு வாங்கி அசெம்பிள் பண்ணித் தரும் 5.1 ஆம்புகளிலும் இதே ஆறு இன்புட் உண்டு. பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் ஊஃபருக்கும். வசனமெல்லாம் ஊஃபரில் முனகினால் ஆரஞ்சிலிருந்து வரும் இரண்டு ஆர்சிஏவையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் குத்துங்கள், சரியாகிவிடும். மூன்றே துளை உள்ள மதர்போர்டு என்றால் பெரும்பாலும் நீலம் பின்பக்கத்துக்கும் ரோஸ் சென்டர், ஊஃபருக்கும் மாறிக்கொள்ளும். சவுண்ட் டிரைவரில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு குறை உண்டு. இந்த வழியில் போனால் ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதி பெரும்பாலும் வேலை செய்யாது. ஸ்பீக்கர் அளவுகளைக் கையால்தான் திருத்த வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு எச்டிஎம்ஐதான். அதில் எட்டு சேனல் பிசிஎம் வரை தாராளமாகப் போகும், சுருக்கும் வேலையே இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை: எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று காசைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் அது படத்தை டிவிக்குக் கடத்திவிடுவதோடு சரி, ஒலியை எடுத்துக்கொள்ளாது. கடையிலேயே லேப்டாப்பை மாட்டிக் கேட்டுவிடுங்கள்.

கேட்டுப்பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். ஆப்டிக்கலில் மாட்டினாலும் புரோ லாஜிக் தயவில் பாட்டு ஐந்திலும் பாடும். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ் போய், பிளேபேக் பட்டியலில் உங்கள் ரிசீவரைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' பொத்தானைப் பாருங்கள். ஆப்டிக்கல் என்றால் அது மங்கிப்போய் அழுத்தவே முடியாமல் இருக்கும். அங்கேயே விஷயம் முடிந்தது. அழுத்த முடிந்தால் 5.1 தேர்ந்தெடுத்து, படத்தில் தெரியும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தொடுங்கள். பின் இடதைத் தொட்டால் பின் இடது மட்டும் ஒலிக்க வேண்டும், மற்ற நான்கும் வாய் திறக்கக் கூடாது.

தங்கமுலாம் பூசிய ஆப்டிக்கல் கேபிள்

உள்ளே போவது வெளிச்சம். அதற்கு எதற்குத் தங்கம்? நான் 900 ரூபாய் கொடுத்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள்.

டிவியைச் சுற்றிக்கொண்டு வருவது

கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு. கேபிள் குறைவு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐ மாட்டியதும் கம்ப்யூட்டர் எதிரில் இருப்பவரிடம் "உனக்கு எத்தனை சேனல் தெரியும்?" என்று விசாரிக்கும். எதிரில் இருப்பது டிவி. அதற்கு இருப்பது இரண்டு ஸ்பீக்கர், "இரண்டு" என்றுதான் பெரும்பாலும் சொல்லும். பின்னால் ரிசீவர் நிற்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. அப்படியே தெரிந்தாலும் ஏஆர்சியில் பிசிஎம்முக்கு இரண்டு சேனல்தான்; எட்டு சேனல் போவது 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சியில். கம்ப்யூட்டரை முதலில் ரிசீவரில் மாட்டுங்கள், ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகட்டும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டிலிருந்து கிளம்ப வேண்டும், மதர்போர்டிலிருந்து வேண்டாம்.

ஆல் சேனல் ஸ்டீரியோ

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஸ்டீரியோவை ஊதும் ரிசீவர் பொத்தான் இது. கல்யாண வீட்டு மைக் செட்டுக்குச் சரி.

எர்த் பின்னை உடைப்பது

கம்ப்யூட்டரை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'கும்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். அடுத்து எல்லோரும் செய்வது, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் மாட்டுவது. ரீங்காரம் நிற்கும். பிறகு என்றைக்காவது உள்ளே கசிவு வந்தால் ரிசீவரின் தகரப்பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறும்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் டிவிக்கு வரும் கேபிள் கனெக்ஷன் ஒயரை ஒரு நிமிஷம் கழற்றுங்கள். பல வீடுகளில் ரீங்காரம் அதன் வழியாகத்தான் நுழைகிறது. அப்புறம் வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் தோண்டினால் பாறை, தருமபுரிப் பக்கம் மாசி தாண்டினால் மண்ணில் ஈரமே இருக்காது. எர்த் குழி காய்ந்து கிடக்கும். என் கடைக்கு எதிர்வீட்டில் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் ரீங்காரம் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதற்குமுன் புது கேபிளுக்கு ஆயிரம் ரூபாய் செலவழித்திருந்தார்கள்.

நான் மேலே திட்டிய ஆப்டிக்கலுக்கு ஒரு நல்ல குணம் இங்கேதான். அதில் மின்தொடர்பே கிடையாது, அதனால் ரீங்காரம் அதன் வழியாக வர முடியாது. பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி அது.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ரிசீவர்

பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் சொருகாதீர்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

192-ஐத் துரத்துவது

சினிமாவின் ஒலி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 48,000 தடவை அளந்து பதிந்தது. விண்டோஸில் 192 என்று மாற்றினால் எண் பெரிதாகத் தெரியும், வேறொன்றும் நடக்காது. 48,000-இல் விட்டுவிடுங்கள்.

மவுஸைக் காணோம் என்று பதறுவது

காவேரிப்பட்டினத்துத் தம்பிக்கு விவரம் சொன்னேன். நல்ல வேளையாக அவர் ரிசீவரில் ஒலியை எடுத்துக்கொள்ளும் எச்டிஎம்ஐ இருந்தது. மானிட்டர், கார்டில் டிஸ்பிளே போர்ட் என்ற இன்னொரு துளையில் இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐயை ரிசீவருக்குத் தனியாகக் கொடுங்கள் என்றேன். பழைய ரிசீவர் வழியாக மானிட்டரை மாட்டினால் வேகமான மானிட்டரின் முழு வேகமும் கிடைக்காது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"அண்ணா, பின்னாடி தனியா கேக்குதுண்ணா! ஆனா மவுஸ் அப்பப்ப காணாம போயிருது."

விண்டோஸ் அந்த ரிசீவரையும் இன்னொரு மானிட்டர் என்று எண்ணிக்கொள்ளும். மவுஸ் ஓரத்துக்குப் போனால், யாருக்கும் தெரியாத அந்தத் திரைக்குள் புகுந்துவிடும். அதை டிஸ்கனெக்ட் பண்ணினால் ஒலியும் சேர்ந்து போய்விடும், எனவே அதில் கை வைக்காதீர்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் இரண்டாவது திரையின் கட்டத்தை இழுத்து, முதல் திரையின் மேல் வலது மூலையில் முனையோடு முனை மட்டும் தொடும்படி வைத்துவிட வேண்டும். பக்கத்தோடு பக்கம் ஒட்டக் கூடாது. அந்த ஒற்றை முனை வழியாக மவுஸ் தவறிப் போவது அபூர்வம்.

அப்படி வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். நான் பார்த்தது ஓரத்தில் தெரிந்த ரிசீவர் டிஸ்பிளேயை. 'மல்டி சேனல்' என்று இருந்தது.