ஊட்டியைச் சுற்றி ஏரிகள்: முதல் மலை சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

சமவெளியில் ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர் அலுக்காமல் ஓட்டுகிறவர்கள்கூட மலை என்றால் தயங்குகிறார்கள். தயங்காமல் கிளம்புகிறவர்களில் பலர் மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஏறத் தொடங்கி, குன்னூர் வருவதற்குள் ஓய்ந்துபோய், அப்புறம் மலைப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். நீலகிரியில் சைக்கிளுக்கு ஏற்ற நல்ல சாலைகள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து மேற்கே போனால் காமராஜ் சாகர், பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி என்று வரிசையாக நீர்த்தேக்கங்கள். இடையிடையே காரட் தோட்டம், தேயிலை, கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காடு, மலை மடிப்புகளில் மிஞ்சியிருக்கும் சோலைகள்.

அதனால் முதல் பயணத்துக்கு நான் சொல்லும் முறை இதுதான்: மலை ஏறுவதற்கு வண்டி பிடியுங்கள். மேலே ஒரே இடத்தில் தங்கி, சுமை இல்லாமல் ஏரிகளைப் பாருங்கள். கடைசி நாளில் மட்டும் சைக்கிளிலேயே கீழே இறங்குங்கள்.

படி 1: தூரத்தை விட்டுவிட்டு ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 1,800 மீட்டருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏற்றம்.

நான் போடும் கணக்கு எளிது. தூரத்துக்கு, மணிக்கு 15 கிலோமீட்டர். அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். கோத்தகிரிக்கு இப்படிப் பார்த்தால் தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆக மொத்தம் 7 மணி நேரம். வெறும் 33 என்று பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் நடக்காது. பாதை வரையும் செயலிகள் எல்லாமே மொத்த ஏற்றத்தைக் காட்டும். தினமும் கிளம்பும் முன் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதியவருக்கு ஒரு நாளைக்கு 500, 600 மீட்டர் போதும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, நாம் போக நினைக்கும் மேற்குப் பகுதியில்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை. 2009 நவம்பரில் மண் சரிந்து பல உயிர்கள் போனது அந்தப் பருவத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் வானம் ஒத்துழைக்கும், ஆனால் சாலை முழுக்கக் கார்கள். டிசம்பரில் தலைகுந்தா போன்ற பள்ளங்களில் விடிகாலையில் உறைபனி படியும். வெயில் ஏறும்வரை சைக்கிளை வெளியே எடுக்க வேண்டாம்.

படி 3: சைக்கிளில் மூன்றே விஷயங்கள்

புது சைக்கிள் வாங்கத் தேவையில்லை. இருப்பதில் கியர், பிரேக், டயர் மூன்றையும் பாருங்கள்.

முதலில் கியர். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரங்களில் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். அப்புறம் பின் சக்கரத்தில் இருப்பவற்றில் மிகப் பெரியதன் பற்களை எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால், அல்லது பின்னால் அதிகமாக இருந்தால், இந்த மலைக்குப் போதும். முன்னால் 32, பின்னால் 32 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம்கூட வராது. ஆனால் அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏறலாம். முன்னால் 44, பின்னால் 28 உள்ள சைக்கிளில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 12 கிலோமீட்டர் போயாக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் அது முடியாது. மிதி தளர்ந்து, முழங்கால்தான் வலிக்கும். பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்று சைக்கிள் கடையில் கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டயர் 35 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். இரண்டு டியூப், பஞ்சர் பசை, பம்ப், செயின் கழற்றும் கருவி, முன்னும் பின்னும் விளக்கு. இவ்வளவு போதும்.

படி 4: ஊரிலேயே பழகுங்கள்

ஒரு மாதம் முன்னதாக, வாரம் இரண்டு நாள், பக்கத்து மேம்பாலத்தில் மிகச் சிறிய கியரில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்கிப் பழகுங்கள். எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. கடைசி வாரத்துக்கு முன் ஒரு உண்மையான மலை ஏற வேண்டும். வட மாவட்டக்காரர்களுக்கு ஏலகிரி அருமையான இடம். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது.

வளைவில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், சாலை இடப்புறம் திரும்பும் வளைவில் உள்பக்கமாக மாட்டிக்கொள்வோம். அந்த உள்மூலைதான் மிகச் செங்குத்து. வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். மிதி இறுகிய பிறகு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று உறுதியானால் மட்டும் சற்று வெளியே தள்ளி, அகலமாகத் திரும்புங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனாலும் மேலிருந்து பஸ் ஹாரன் கேட்டால் ஓரமாகக் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். பஸ் திரும்புவதற்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும்.

படி 5: மேலே போய்ச் சேருங்கள்

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து வேன் அல்லது கார். வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள், டிரைவரிடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. சைக்கிளில் மாட்டும் பாட்டில் இரண்டு கொண்டுபோனால், வழியில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அன்று ஊட்டி ஏரியைச் சுற்றி வந்தால் போதும். இதுவும் இயற்கை ஏரி இல்லை, 1820களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உருவாக்கியது.

படி 6: இரண்டு ஏரிப் பாதைகள்

ஊட்டிதான் உயரத்தில் இருக்கிறது, ஏரிகள் பள்ளத்தில் இருக்கின்றன. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். போகும்போது சுகமாக இருக்கிறதே என்று இன்னும் தள்ளிப் போய்விடத் தோன்றும். மதியம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

*பைக்காரா:* கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சாலை அகலம், ஆனால் லாரியும் சுற்றுலா வண்டியும் அதிகம், எனவே காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். தலைகுந்தாவில் வலப்புறம் பிரிவது கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகும் சாலை. 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். நேரே போனால் காமராஜ் சாகர் அணை, பைன் மரக் காடு, பிறகு பைக்காரா. இங்கே 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்.

*எமரால்டு:* எனக்குப் பிடித்தது இதுதான். ஃபெர்ன்ஹில், முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக 20 கிலோமீட்டர் அளவில் வரும். பாலாடாவில் சாலையோரமே காரட் கழுவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். மண் அப்பிய மூட்டை ஒரு பக்கம் போகும், செக்கச்செவேலென்று மறுபக்கம் கொட்டும். கேட்டால் இரண்டு காரட் கையில் கொடுப்பார்கள். அதன்பின் படுகர் ஊர்கள், தேயிலைச் சரிவுகள். ஒரு வளைவு திரும்பினால் பள்ளத்தில் எமரால்டு நீர்த்தேக்கம் தெரியும். கனடா நாட்டின் உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் அணை இது. தண்ணீரில் இறங்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும், சேறு காலை இழுக்கும். தெம்பு இருந்தால் அவலாஞ்சி வரை போகலாம், ஆனால் வனத்துறை சோதனைச்சாவடியைத் தாண்டி அவர்களுடைய வாகனத்தில்தான் உள்ளே விடுவார்கள்.

தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை நிற்பது சாதாரணம். பார்த்ததும் தொலைவிலேயே நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், பக்கவாட்டில் நுழைந்து போகப் பார்க்காதீர்கள். அது நகர அரை மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கும்போது விளக்குகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

படி 7: இறங்குங்கள்

கோத்தகிரி வழியாக இறங்குங்கள். ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வரை கொஞ்சம் ஏற்றம், பிறகு கோத்தகிரி வரை பெரும்பாலும் இறக்கம், அங்கிருந்து 33 கிலோமீட்டரும் இறக்கமே. சீசனில் ஊட்டிக்கு வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், திரும்புபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். அப்போது பின்னால் வண்டிகள் வரிசையாக வரும், அவசரப்படாமல் வழிவிடுங்கள்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தபடி இறங்காதீர்கள். சக்கர விளிம்பு சூடேறினால் டியூப் வெடிக்கக்கூடும், டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவில் உருட்டிச் செல்லுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, கை விரல்களை நீட்டி மடக்குங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாலே அனல் தெரிந்தால், ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வளைவில் நிற்காமல், இரண்டு பக்கமும் பார்வை தெரியும் இடத்தில் நிற்கவும்.

கோத்தகிரியில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தால், கீழே வந்ததும் வெயில் சுடும். மதியம் இரண்டு மணிக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிட்டால், இரவு ரயிலுக்கு சைக்கிளைப் பார்சலில் போட நிதானமாக நேரம் இருக்கும்.