தனிக் குரல் டிராக்கில் குரலே இல்லை: என் அனுபவம்

ராக் இசைக்குழு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ (1969) பாட்டில் பாடகி மெர்ரி கிளேட்டனின் குரல் உடையும் இடத்தை, வாத்தியங்கள் இல்லாமல் குரலை மட்டும் பிரித்த டிராக்கில் ஹெட்போன் வைத்துக் கேட்கப் போனால், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் மங்கல். எதிரொலி மட்டும் தெளிவு. கோப்பை மறுபடி இறக்கினேன், பிளேயரை மாற்றினேன், ஈக்வலைசரை அணைத்தேன். பலனில்லை.

அதே பாட்டின் பேஸ் கிட்டாரை மட்டும் பிரித்த டிராக்கோ ஏறக்குறைய மௌனம். அதுதான் துப்பு. பேஸ் டிராக் மோனோ, அதாவது இடது, வலது இரண்டு சேனலிலும் ஒரே ஒலி. ஹெட்போன் பின்னின் கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு) தொடாவிட்டால் இடது-வலது வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரல், பேஸ் என இரண்டு பக்கமும் ஒரேபோல் இருந்து நடுவில் கேட்பதெல்லாம் ரத்தாகிவிடும். இரண்டு பக்கமும் வேறுபடும் ஸ்டீரியோ எதிரொலி தப்பித்துக்கொள்ளும்.

மொபைல் உறை தடிமனாக இருந்ததால் 3.5 மி.மீ. பின் முழுசாக இறங்கவில்லை. உறையைக் கழற்றி ‘கிளிக்’ சத்தம் வரை அழுத்தினேன். குரல் நடுவில் வந்து நின்றது, அப்பாடா! அப்போதும் வராவிட்டால் பின் அருகே ஒயரை வளைத்துப் பாருங்கள். நடுவில் குரல் வந்து வந்து போனால் கிரவுண்ட் கம்பி உள்ளே அறுந்திருக்கலாம்.