சன் கோரலுக்கு வாய் வாயாக ஊட்டுவது எப்படி?

பெயர்தான் சன் கோரல். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாறை இடுக்கிலும் குகைக் கூரையிலும், பல சமயம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வளரும் பவளம் இது.

கடல்நீர்த் தொட்டிகளில் பெரும்பாலோர் வளர்ப்பது, தசைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசியைக் குடிவைத்திருக்கும் பவளங்களை. வெளிச்சத்தில் பாசி சர்க்கரை தயாரிக்கும். பவளம் அதில் பிழைக்கும். விளக்கும் தண்ணீரும் சரியாக இருந்தால், தனியாக உணவு போடாவிட்டாலும் பல இனங்கள் காலம் தள்ளிவிடும். டியூபாஸ்ட்ரேயா என்ற சன் கோரலுக்கு அந்தக் குடித்தனக்காரர் கிடையாது. வாயில் விழுந்தால்தான் சாப்பாடு.

பட்டினி உடனே கண்ணில் படாததுதான் இதில் சிக்கல். சொந்தத் தசையைக் கரைத்துக்கொண்டே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். "ஒன்றும் போடாமலே நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பாலிப்புகளுக்கு (பவளத்தின் தனித்தனி வாய்களுக்கு) நடுவே வெள்ளைச் சுண்ணாம்பு எட்டிப் பார்க்கும். பதறிப்போய் உணவை அள்ளிக் கொட்டினால் தண்ணீர் கெட்டு, பட்டினியில் பிழைத்ததும் அதில் போகும். அதனால் எப்படி ஊட்டுவது என்பதைப் பார்க்கும் முன், ஊட்டியதில் மிச்சமாவது எங்கே போகும் என்பதை முடிவு செய்யுங்கள்.

படி 1: தொட்டியைத் தயார் செய்தல்

குறைந்தது 6 மாதம் ஓடி நிலைபெற்ற தொட்டி வேண்டும். கொள்ளளவு 150 லிட்டருக்குக் கீழே போனால் ஒருநாள் கைதவறிக் கூடுதலாக விழுந்த உணவைக்கூடத் தண்ணீர் தாங்காது. வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தி 1.025 முதல் 1.026, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம். கடைசி இரண்டையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பாசி இல்லை என்றாலும் இது சுண்ணாம்புக்கூடு கட்டும் கடினப் பவளம்தான். அம்மோனியா பூஜ்யம். நைட்ரேட் 20 பிபிஎம், பாஸ்பேட் 0.1 பிபிஎம், இவற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நுரையெழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கட்டாயம் வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். ஃபில்டர் சாக் என்ற வடிகட்டும் துணிப்பை வைத்திருந்தால் 2, 3 நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் அதில் சிக்கிய உணவே அழுகி நைட்ரேட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். சம்ப்பில், அதாவது கீழே உள்ள துணைத்தொட்டியில், கீட்டோமார்ஃபா போன்ற கடற்பாசி வளர்ப்பது நல்ல உதவி. வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுவதை இந்தத் தொட்டியில் ஒத்திப்போட முடியாது.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளிச்சம் இதைக் கொல்லாது. ஆனால் தசை விலகிய இடத்தில் பாசி ஏற அது வழிவிடும். பாறைத் திட்டின் நிழலில், அதே சமயம் உங்கள் கை எளிதாக எட்டும் இடத்தில் வையுங்கள். அழகுக்காகத் தொட்டியின் பின்மூலையில் வைத்தவர்கள் மூன்றாம் வாரமே ஊட்டுவதைக் குறைத்துவிடுவார்கள். நீரோட்டம் மிதமாக, திசை மாறி மாறி வரட்டும். விரிந்த பாலிப்பின் உணர்விழைகள் அசைய வேண்டும். ஒரே பக்கமாக மடிந்து ஒட்டிக்கொண்டால் வேகம் அதிகம்.

படி 2: எதை வாங்குவது

ஆரஞ்சு நிற டியூபாஸ்ட்ரேயா காக்சினியா முதல் பவளத்துக்குச் சரியான தேர்வு. டென்ட்ரோஃபில்லியாவும் ஏறக்குறைய அதே பராமரிப்பில் வாழும். கிளை விட்டு வளரும் கறுப்பு சன் கோரலான டியூபாஸ்ட்ரேயா மைக்ராந்தஸ் திறக்கவே அடம்பிடிக்கும். அது அடுத்த கட்டத்துக்கு.

15 வாய் உள்ள காலனி (பாலிப் கூட்டம்) போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வாய்க்கு 2 மைசிஸ் (உறைய வைத்து உணவாக விற்கும், இறால் போன்ற சிற்றுயிர்), வாரம் 3 முறை என்றால் வாரத்துக்கு 90 மைசிஸை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். 60 வாய் உள்ளது கடையில் கண்ணைப் பறிக்கும், வீட்டில் 360.

பாலிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியும் தசையால் மூடியிருக்க வேண்டும். சுண்ணாம்பு விளிம்புகள் கூராகத் தெரிந்தால் அது ஏற்கெனவே பட்டினியில் இருக்கிறது. கடைக்காரரை ஊட்டிக் காட்டச் சொல்லுங்கள். திறந்து தின்பதைப் பார்த்து வாங்குவதே பாதிக் கவலையைக் குறைக்கும். கடினப் பவளங்கள் அனைத்தும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் உள்ளவை. உங்கள் நாட்டில் வைத்திருக்க அனுமதி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டென்ட்ரோநெஃப்தியாவைப் பார்த்து மயங்க வேண்டாம். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூங்கொத்து போல் இருக்கும் மென்பவளம் அது. செங்கடலில் வாழும் டென்ட்ரோநெஃப்தியா ஹெம்ப்ரிச்சி பெரும்பாலும் தாவர மிதவை நுண்ணுயிர்களையே தின்கிறது என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள் முழுதும், ஓடும் நீரில், கண்ணுக்குத் தெரியாத உணவு இடைவிடாமல் வர வேண்டும். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் சில வாரங்களிலேயே சுருங்கிப்போகும். தொடக்கக்காரர் வாங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

படி 3: வந்த நாள்

பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்து 45 நிமிடத்தில் பழக்குங்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, செத்த கடற்பஞ்சு ஒட்டியிருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறும்.

அப்படியே பூச்சி தேடுங்கள். மஞ்சள் நிற எபிடென்ட்ரியம் பில்லியானம் என்ற சிறு நத்தை சன் கோரலைத் தின்றே வாழ்வது. முட்டைகளும் மஞ்சள் கொத்தாகப் பாலிப்பின் அடியில் இருக்கும். ஃபெஸ்டில்லா மெலனோபிராக்கியா என்ற ஓடில்லா நத்தை தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும் என்பதால் கண்ணில் படுவது கடினம். பவள மருந்துக் குளியல் முட்டையைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். இடுக்கியால் சுரண்டி எடுத்து, 2, 3 வாரம் தனித்தொட்டியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 4: வாய் திறக்க வைத்தல்

புதிதாக வந்தது மூடியே கிடக்கும். மூடிய பாலிப்புக்கு ஊட்டுவது சாத்துக்குடிக்கு ஊட்டுவது போலத்தான். இயல்பிலேயே இரவில் திறக்கும் உயிர் என்பதால் விளக்கு அணைந்த பிறகு தொடங்குங்கள்.

உறைந்த மைசிஸைக் கரைத்த நீரில் 2, 3 மில்லி எடுத்துக் காலனியின் மேல் மெல்லப் பரவவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். உணர்விழைகளின் நுனி மஞ்சளாக எட்டிப் பார்த்தால் வாசனை எட்டிவிட்டது. பார்க்கவில்லை என்றால் அன்று உணவு வைக்க வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் செய்யுங்கள். 1 முதல் 2 வாரம் பிடிக்கலாம். நேரத்தை மாற்றாமல் செய்துவந்தால், பிற்பாடு மீன்களுக்குத் தீனி விழுந்ததுமே பகலிலும் திறக்கத் தொடங்கும்.

ரொம்பவும் அடம்பிடிப்பதை, தொட்டி நீர் நிரப்பிய கிண்ணத்துக்கு மாற்றி அதில் வாசனை காட்டலாம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை. கிண்ணத்து நீர் ஆறிவிடாமல், தொட்டிக்குள்ளேயே கிண்ணத்தை மிதக்க விடுங்கள். தூக்கும்போது தசையைத் தொடாமல் அடிக்கல்லைப் பிடிக்க வேண்டும்.

படி 5: ஊட்டுதல்

பாலிப்புகளின் தசை ஒன்றோடொன்று இணைந்திருந்தாலும், ஒன்று தின்பது பக்கத்துப் பாலிப்பின் பசிக்குப் போதாது. ஓரத்தில் உள்ளதை மறந்தால் ஓரம் சாகும். அதனால்தான் வாய் வாயாக.

உறைந்த உணவைக் கால் டம்ளர் தொட்டி நீரில் 10 நிமிடம் கரையவிட்டு, ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) பிடிக்கும் வலையில் வடிகட்டுங்கள். வாசனைக்கு வேண்டிய சில மில்லி போக மீதி நீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். பாஸ்பேட் நிறைய அதில்தான் இருக்கிறது. பெரிய மைசிஸைப் பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். பாலிப்பின் வாயகலத்தைத் தாண்டிய துண்டு விழுங்கப்பட்டாலும் வெளியே வந்துவிடும்.

முதலில் மீன்களின் வயிற்றை நிரப்புங்கள். பிறகு வாசனை காட்டி, பாலிப்புகள் விரிந்ததும் சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், ஸ்கிம்மர் மூன்றையும் நிறுத்துங்கள். பம்ப் நின்றால் மேலிருந்து இறங்கும் நீரைத் தாங்க சம்ப்பில் இடம் இருக்கிறதா என்று முன்பே ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். பிப்பெட்டில் அல்லது நீண்ட குழாய் மாட்டிய சிரிஞ்சில் உணவை எடுத்து, உணர்விழைகளின் மேல் விழும்படி மெதுவாக விடுங்கள். வாய்க்குள் பீய்ச்சினால் பாலிப் மூடிக்கொள்ளும். ஒரு சுற்று முடித்து, தின்று முடித்தவற்றுக்கு இரண்டாம் சுற்று. பாலிப்புக்கு 1 அல்லது 2 மைசிஸ். ஆர்ட்டீமியா என்றால் 3, 4. நலிந்து வந்த காலனிக்கு முதல் மாதம் தினமும் சிறு துண்டுகள், தேறிய பிறகு 2, 3 நாளுக்கு ஒருமுறை.

திருட்டு இங்கே பெரிய தலைவலி. கிளீனர் இறாலும் பெப்பர்மிண்ட் இறாலும் பாலிப் விழுங்கிய மைசிஸைக்கூட வாய்க்குள் கைவிட்டு இழுத்துப் போகும், பாலிப்பும் கிழியும். அடியை வெட்டிய 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் காலனியின் மேல் கவிழ்த்து, மூடி இல்லாத கழுத்து வழியாகப் பிப்பெட்டை விட்டால் சிக்கல் தீரும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிட நன்றாக வேலை செய்வதில்லை.

20 முதல் 30 நிமிடம் கழித்துச் சிதறியதை உறிஞ்சி எடுத்து, பம்ப்புகளை ஓடவிடுங்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. பம்ப்பை மறந்து தூங்கிவிட்டால் விடியும்போது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே மூச்சுக்குத் தவிக்கும். ஸ்கிம்மரில் அதன்பின் சில மணி நேரம் நுரை எழும்பாமல் போகலாம். உணவின் எண்ணெய் செய்யும் வேலை அது. திருகை மாற்றாமல் விட்டுவிடுங்கள், தானே சரியாகும். மாற்றினால் நடுராத்திரியில் கோப்பை பொங்கி வழியும்.

சிறு வாய்களுக்கு ஆர்ட்டீமியா பொரித்தல்

நன்றாகத் தின்னும் சன் கோரல் தொட்டிக்குள்ளேயே குஞ்சு விடும். கண்ணாடியிலும் பம்ப்பின் அடியிலும் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரியும். அவற்றுக்கு மைசிஸ் பெரிது. 1 லிட்டர் நீரில் 25 கிராம் உப்பு, அரை தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து பலமான காற்று, மேலே விளக்கு, 26 முதல் 28 டிகிரி. சுமார் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தி 10 நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே சேரும். கீழிருந்து குழாயால் இறக்கி, நுண்வலையில் வடிகட்டி, நல்ல நீரில் அலசுங்கள். அன்றே ஊட்டிவிட வேண்டும். கொண்டுவந்த மஞ்சள்கரு தீர்ந்த குஞ்சில் சத்து அதிகம் மிஞ்சாது.

தவறுகள் எங்கே நடக்கின்றன

ஊட்டிய ஒரு மணி நேரத்துக்குள் முழு மைசிஸ் வெளியே வந்தால் துண்டு பெரிது அல்லது எண்ணிக்கை அதிகம். மறுநாள் பழுப்பாகச் சளி உருண்டை வருவது வெறும் கழிவு, பயப்பட வேண்டாம்.

தசை விலகிச் சுண்ணாம்பு தெரிந்தால் முதலில் உணவைச் சந்தேகியுங்கள், அடுத்து காரத்தன்மையை அளந்து பாருங்கள். விலகிய இடத்தில் பாசி ஏறும் முன் மென்மையான பிரஷ்ஷால் சுத்தமாக வைத்திருந்தால், நன்றாகத் தின்னும் காலனி அதைத் திரும்ப மூடிக்கொள்ளும். பாசி ஆழமாகப் படர்ந்துவிட்டால் மீட்பது கடினம்.

நைட்ரேட் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் உணவைக் குறைக்கத் தோன்றும். குறைக்க வேண்டியது சிதறுவதை. களைபோல் பரவும் ஐப்டேசியா என்ற கடல் அனிமோன் பெருகினாலும் காரணம் அதேதான். சிதறிய மைசிஸ் அதற்கும் விருந்து. காலனியின் தசையைத் தொடும் அளவில் ஒன்று வளர்ந்தால் உடனே அகற்றுங்கள், அதன் கொட்டல் பாலிப்பைச் சுருக்கிவிடும். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

வெளியூர் போகும்போது

நன்றாகத் தேறிய காலனி ஒரு வாரம் ஊட்டாமல் தாங்கும். கிளம்புவதற்கு முன் இரண்டு நாளும் நிறைவாக ஊட்டி, ஃபில்டர் சாக்கை மாற்றி, ஸ்கிம்மர் கோப்பையைக் காலி செய்துவிட்டுப் போங்கள். பழக்கமில்லாதவரிடம் பிப்பெட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அவர் மீன்களுக்குத் தீனி போட்டால் போதும், அதையும் நாள்வாரியாகச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஈடுகட்டுவதாக நினைத்து இரண்டு மடங்கு ஊட்டாமல், வழக்கமான அளவையே மூன்று நாள் தொடர்ந்து கொடுங்கள்.