டீசல் வண்டியில் பெட்ரோலா? சாவியிலிருந்து கையை எடுங்கள்

நாசிலை மாட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். எட்டு லிட்டர் ஓடிய பிறகுதான் மூக்கில் அந்தக் காட்டமான நெடி ஏறுகிறது. டீசலுக்கு இப்படி நெடி கிடையாதே என்று நிமிர்ந்து பார்த்தால், பம்ப்பின் மேல் பெட்ரோல் என்று எழுதியிருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். முதலில் இங்கிருந்து நகர்ந்துவிடுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கை சாவியை நோக்கிப் போகிறது.

அந்தக் கை அங்கேயே நிற்க வேண்டும். டேங்கில் சும்மா கிடக்கும்வரை பெட்ரோலால் பெரிய சேதம் வருவதில்லை. டேங்கைக் காலி செய்து, அலசி, புது டீசல் ஊற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. எஞ்சினை ஓட்டிவிட்டால் கதையே வேறு. உயர் அழுத்தப் பம்ப், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், அவற்றை இணைக்கும் குழாய்கள், சில சமயம் டேங்க் வரைக்கும் மாற்ற நேரிடும். தவறான நாசிலை எடுப்பது ஒரு நிமிடக் கவனக்குறைவு, யாருக்கும் நேரும். அதற்கடுத்த பத்து நிமிடங்களில் கூச்சத்தாலும் அவசரத்தாலும் செய்கிற காரியங்கள்தான் சேமிப்பைக் கரைக்கின்றன.

ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? டீசல் எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு இடத்துக்குள், சில எஞ்சின்களில் அதைவிடவும் குறுகலாக நெருக்கி, அதில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பெட்ரோலின் குணம் நேரெதிர். அழுத்தத்தில் தானாகப் பற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு ஆக்டேன் எண் பார்க்கிறோம். டீசல் எஞ்சினுக்குள் போன பெட்ரோல் பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல், தாமதித்துத் தடாலென்று எரிகிறது. கடகடவென்ற சத்தம், புகை, இழுவைக் குறைவு எல்லாம் அதனால் வருபவை.

அதைவிடக் கொடியது உராய்வு. இன்றைய டீசல் கார்களின் உயர் அழுத்தப் பம்ப் எரிபொருளை ஏறத்தாழ 2,000 பார் அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது. கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்தப் பம்ப்பின் உள்ளே எஃகும் எஃகும் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. பெரும்பாலான பம்ப்புகளில் அவற்றுக்கு நடுவே தனியாக எண்ணெய் எதுவும் இல்லை. டீசலின் வழவழப்புதான் காவல். டீசலின் மசகுத்தன்மைக்கென்று ஒரு சோதனையே இருக்கிறது. 60 டிகிரி சூட்டில், டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின் மேல் ஒரு சிறு எஃகு உருண்டையை உரசவிடுவார்கள். உருண்டையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பாவின் இஎன் 590 தரநிலை. பெட்ரோலோ கரைப்பான். கிரீஸ் பிடித்த இரும்பை பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் எப்படி மொரமொரவென்று காய்ந்துபோகிறதோ, அதுதான் பம்ப்புக்குள்ளும் நடக்கிறது.

ஒருமுறை ஒரு பணிமனையில் இப்படி வந்த காரின் வடிகட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். மெக்கானிக் அதிலிருந்த எரிபொருளை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். துணி முழுக்க நுண்ணிய மினுமினுப்பு, வெள்ளிப் பொடியைத் தூவியது போல. "இது உங்கள் பம்ப்" என்றார் வண்டிக்காரரிடம். அந்தத் தூள் பம்ப்போடு நிற்பதில்லை. இன்ஜெக்டரின் நுண்துளைகளுக்குள் போகிறது, மிச்சம் திரும்பும் குழாய் வழியாக மீண்டும் டேங்குக்கே வருகிறது. அதனால்தான் பம்ப்பை மட்டும் மாற்றினால் தீருவதில்லை. வண்டிக்காரர் ஓட்டியது மொத்தமே நான்கு கிலோமீட்டர். வீடு பக்கம்தானே என்று ஓட்டியிருக்கிறார்.

சரி, எஞ்சினைத்தான் ஓட்டக் கூடாது, சாவியைத் திருப்பினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பல கார்களில் கருவிப் பலகையில் விளக்குகள் எரியும் நிலைக்குச் சாவி வந்ததுமே டேங்குக்குள் இருக்கும் சிறிய பம்ப் ஓடத் தொடங்கி எரிபொருளை முன்னே தள்ளிவிடும். ஓட்டுநர் கதவைத் திறந்தாலே அந்தப் பம்ப் முடுக்கப்படும் கார்களும் உண்டு. ஆகவே பாட்டுக் கேட்கவோ, கண்ணாடியை ஏற்றவோகூட இக்னிஷனைப் போடாதீர்கள். கூச்சப்படாமல் பங்க் ஊழியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. நியூட்ரலில் தள்ளி ஓரம்கட்டலாம். ஸ்டியரிங் பூட்டு விடுபடச் சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் போதும், அடுத்த நிலைக்குப் போக வேண்டாம். பட்டன் அழுத்தும் கார்களில் இந்த நிலைகளைப் பிரிப்பது எளிதல்ல. கையேட்டைப் பார்க்காமல் பட்டனைத் தொடுவதைவிட, பங்க்கில் அந்த இடத்தைச் சற்று நேரம் அடைத்துக்கொண்டு நிற்பதே மேல். ஹாரன் அடிப்பவர் அடுத்த வரிசைக்குப் போய்க்கொள்வார்.

அடுத்த தவறு, "கொஞ்சம்தானே போனது, மீதியை டீசலால் நிரப்பிவிட்டால் கலந்து சரியாகிவிடும்" என்பது. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, காலம் மாறியதைக் கவனிக்கவில்லை. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்காமல் இருக்க, சிறிதளவு பெட்ரோல் கலக்கலாம் என்று சில பழைய டீசல் கார்களின் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பம்ப்புகள் முரட்டுத்தனமானவை, தாங்கின. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தரும் காமன் ரெயில் முறை பயணிகள் கார்களுக்குள் நுழைந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளுக்கு அந்தப் பழைய சலுகை பொருந்தாது. இரண்டு லிட்டர் என்றாலும் வடித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. டேங்கை வடிக்கும் கூலியையும் ஒரு பம்ப்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதில் சூதாடத் தோன்றாது.

பெட்ரோல் எடை குறைந்தது, மேலே மிதக்கும், மேலாக உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றொரு யோசனையும் உலவுகிறது. எண்ணெயும் தண்ணீரும் போல இவை பிரிந்து நிற்பதில்லை. ஒன்றில் ஒன்று முழுதாகக் கரைந்துவிடும். டேங்கின் எந்த மூலையில் எடுத்தாலும் கலவைதான் வரும்.

உறிஞ்சுவது பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: வீட்டு வாசலில் குழாய் போட்டு வாயால் இழுக்கும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். டீசலின் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 55 டிகிரி சூடாவது வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே மொத்தக் கலவையும் சாதாரண வெப்பநிலையில் பற்றக்கூடியதாகிவிடும். டீசல்தானே என்ற அலட்சியத்தோடு அதைக் கையாளும்போதுதான் விபத்து நடக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், எங்கோ இருக்கும் ஒரு மின்பொறியைத் தேடிப் பிடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் உண்டாகும் நிலைமின்சாரமே அந்தப் பொறியாகலாம். வாயால் இழுக்கும்போது ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வடித்ததைச் சாக்கடையில் கொட்டுவதும் குற்றம், அதுவும் பற்றும். எரிபொருள் வடிக்கும் கருவியோடு வருபவர்களைக் கூப்பிடுங்கள், அல்லது இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள்.

தெரியாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால்? குழாயிலும் வடிகட்டியிலும் மிச்சமிருக்கும் டீசலில் வண்டி சிறிது தூரம் ஒழுங்காகவே ஓடும். பிறகு எஞ்சின் சத்தம் வறண்டு தட்டும், மிதித்தாலும் வேகம் எடுக்காது, எச்சரிக்கை விளக்கு எரியும். சற்று முன்புதான் எரிபொருள் போட்டோம் என்பது நினைவுக்கு வந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். நின்றுபோன எஞ்சினைக் கிளப்பச் சாவியைத் திருப்பி மறுபடி மறுபடி கிராங்க் செய்வது, காய்ந்த பம்ப்பை இன்னும் அரைப்பதற்குச் சமம். ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்த எரிபொருள், எத்தனை லிட்டர் என்று அதில் இருக்கும். ஊழியர் செய்த தவறு என்றால் பங்க்கின் பம்ப்பையும் ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். வடித்த கலவையில் ஒரு மாதிரியை எடுத்துவைக்கப் பணிமனையிடம் சொல்லுங்கள். காப்பீட்டில் இந்த இழப்பை விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு, உங்களுடையதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் மறைப்பது இன்னொரு தவறு. "திடீரென்று நின்றுவிட்டது" என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் செய்வது கிராங்க் செய்து பார்ப்பதுதான். எத்தனை லிட்டர் போனது, டேங்கில் முன்பு எவ்வளவு இருந்தது, எவ்வளவு தூரம் ஓடியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். டேங்கை மட்டும் வடித்து அனுப்பிவிடாமல், குழாய்களை அலசி, வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். பழைய வடிகட்டியை உங்கள் கண் முன்னால் திறந்து உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை ஓட்டச் சொல்லுங்கள்.

இனி, இது நேராமல் பார்த்துக்கொள்வது. நாசிலின் நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சை நாசில் பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பச்சைப் பிடி பெரும்பாலும் டீசல். பெயரும் ஏமாற்றும். அமெரிக்கர் கேஸ் என்றால் பெட்ரோல். பிரான்சில் காஸோல், ஸ்பெயினில் கசோலியோ என்று எழுதியிருந்தால் அது டீசல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் பெட்ரோலுக்கு வட்டமும் டீசலுக்குச் சதுரமும் ஒட்டுகிறார்கள், அது நல்ல ஏற்பாடு. பெட்ரோல் நாசில் ஒல்லியானது, டீசல் டேங்கின் அகலமான வாய்க்குள் தடையின்றி இறங்கிவிடும். டீசலின் பருத்த நாசில் பெட்ரோல் டேங்கில் பெரும்பாலும் நுழையாது. இந்தத் தவறு பெரும்பாலும் ஒரே திசையில் நடப்பதற்கு அதுவே காரணம். தவறான நாசிலை உள்ளே விடாத பூட்டு மூடிகள் கிடைக்கின்றன. இரண்டு வகை வண்டியும் இருக்கும் வீட்டுக்கும், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் ஆபத்து அதிகம். நாசிலைக் கையில் எடுத்த பிறகு, டேங்குக்குள் விடும் முன், அதன் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படியுங்கள்.

டீசல் டேங்கில் ஆட்புளூ ஊற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது டீசல் புகையைச் சுத்திகரிக்க உதவும் யூரியா கரைசல், நீல மூடியிட்ட தனி டேங்குக்கு உரியது. டீசல் டேங்கில் போனால் குழாய்களில் படிகமாக உறைந்து அரிக்கும். அதற்கும் தள்ளிப்போடாமல், சாவியைத் தொடாமல், ஆளைக் கூப்பிட வேண்டும்.